சக்குலன்ட் வாடினால் முதலில் எதைப் பார்ப்பது? செட்டிநாட்டு வீடுகளுக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

வெயில் ஊர்தானே, கள்ளி வகையெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் இந்தப் பக்கம் பலரும் சக்குலன்ட் எனும் சதைப்பற்றுச் செடிகளை வாங்கத் தொடங்குகிறார்கள். ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்திலிருந்து "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம் வரும் தொட்டிகளில் அநேகம் தண்ணீரால் கெட்டவை. காய்ந்து வந்த செடியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அழுகி வந்ததில் மிஞ்சிய துண்டைத்தான் காப்பாற்ற முடியும். அதனால் கீழே சொல்லும் அறிகுறிகளில் எதுவானாலும் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். வேரைப் பார்க்கும்வரை உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: நீளமான தென்னை ஈர்க்குச்சி, புது பிளேடு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட், பஞ்சு, பழைய டூத் பிரஷ், செய்தித்தாள். கள்ளி என்றால் தடித்த கையுறையும்.

## இலை ஊறிப்போய், உள்ளே தெரிகிற மாதிரி ஆகி, தொட்டதும் கழன்று விழுகிறது

எச்சிவேரியா, கிராப்டோபெட்டலம், செடம் மூன்றிலும் இது அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நேற்று நன்றாக இருந்த செடி இன்று இப்படி நிற்கும்.

ஈர்க்குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனி கருத்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அடியில் ஈரம் நிற்கிறது. மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நம் காற்றுக்கு மேலே ஓர் அங்குலம் சீக்கிரம் உலர்ந்துவிடும், அடிமண் நாள்கணக்கில் சொதசொதவென்றே இருக்கும்.

தண்டு கெட்டியாக இருக்கிறது, அடி இலைகள் மட்டும் போகின்றன

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம். தொட்டிக்கு அடியில் தட்டு இருக்கிறதா? ஆத்தங்குடிக் கல்லில் கறை பட்டுவிடும் என்று வீட்டுக்குள் இருக்கும் எல்லாத் தொட்டிக்கும் தட்டு வைக்கிறோம். தரை தப்பிக்கிறது, தட்டில் தேங்கிய தண்ணீரில் வேர் ஊறுகிறது. தட்டை எடுக்க மனமில்லை என்றால் அதற்குள் மூன்று ஓட்டுச் சில்லுகளைப் போட்டு, தொட்டியை அவற்றின்மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

அடுத்து, தொட்டி நிற்கும் இடம். வளவில், அதாவது நடுமுற்றத்தில், தாழ்வாரத்து ஓட்டு விளிம்புக்கு நேர் கீழே இருந்தால், கூரை முழுவதும் பெய்த மழை அந்த ஒரு தொட்டியின்மேல் கொட்டுகிறது. இரண்டு முழம் உள்ளே தள்ளினாலே போதும்.

மூன்றாவது, துளை. அழகுக்காக வாங்கிய பீங்கான் கிண்ணங்களில் பலவற்றுக்கு அடியில் துளையே கிடையாது. அடியில் கூழாங்கல் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள், சரியாகாது. கல்லுக்குள் தண்ணீர் நிற்கும், அதன்மேல் மண் ஈரமாகவே இருக்கும். டைல்ஸ் வேலை செய்பவரிடம் கொடுத்தால் துளை போட்டுத் தருவார்.

நான்காவதுதான் மண். தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் நிரப்பியிருந்தால் நனைந்தால் இறுகும், காய்ந்தால் கட்டியாகும், வேருக்குக் காற்று கிடைக்காது. நான் போடும் கலவை: உளுந்துக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட அளவில் உடைத்துச் சலித்த செங்கல் சில்லு மூன்று பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. சலிக்கும்போது விழும் செங்கல் தூளைக் கட்டாயம் நீக்க வேண்டும். அந்தத் தூள்தான் பிறகு அடியில் சேறாகப் படியும். பெர்லைட் எனும் வெள்ளைக் கனிமப் பொரியை வாங்கிப் போடலாம், ஆனால் இந்த ஊரில் செங்கல்லுக்குப் பஞ்சமா?

தண்டின் அடி கருத்துவிட்டது

தாமதிக்க வேண்டாம். செடியைப் பிடுங்கி மண்ணை உதிர்த்துவிட்டு, பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, கருப்புக்கு அரை அங்குலம் மேலே நறுக்குங்கள். நறுக்கிய முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளியோ வளையமோ தெரிந்தால் அழுகல் இன்னும் மேலே போயிருக்கிறது. மறுபடி பிளேடைத் துடைத்து, ஒரு வில்லை நறுக்குங்கள். முகம் முழுக்க வெளிர்பச்சையாக, ஒரே நிறமாக வரும்வரை இப்படியே மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு வில்லைக்கும் பிளேடைத் துடைப்பது முக்கியம். துடைக்காத பிளேடு அழுகலை நல்ல பகுதிக்குள் கொண்டுபோய்விடும்.

மிஞ்சிய தலையைச் செய்தித்தாளின்மேல், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மெல்லிய தண்டு என்றால் மூன்று முதல் ஐந்து நாள். மழைக்காலத்தில் இன்னும் சில நாள் கூட ஆகும். அப்போது முகப்புத் திண்ணையைவிட வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே வைப்பது நல்லது. வெட்டுவாயில் மஞ்சள்தூளோ பட்டைத்தூளோ பூசுவது வழக்கம். பூசினால் கெடுதல் இல்லை. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டுவதுதான் முக்கியம். பிறகு உலர்ந்த கலவையின்மேல் உட்கார வைத்து, வேர் விட்ட பிறகே தண்ணீர். லேசாக இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும், அதுதான் அடையாளம்.

தப்பிய இலைகளை எறிந்துவிடாதீர்கள். அடிக்காம்பு முழுதாக வந்த எச்சிவேரியா, கிராப்டோபெட்டல இலைகளை நிழலில் மண்ணின்மேல் கிடத்தினால் கன்று விடும்.

அடீனியத்தின் கிழங்கு அமுங்குகிறது

கிழங்கு முழுவதும் லேசாக, ஒரே சீராக அமுங்கினால் அது தாகம். மண்ணும் காய்ந்திருந்தால் நனைய ஊற்றுங்கள், ஓரிரு நாளில் இறுகிவிடும். ஒரே ஒரு பக்கம் மட்டும் கொழகொழவென்று அமுங்கி, தோல் நிறம் மாறி, வாடை வந்தால் அழுகல். கிழங்கைத் தொட்டியிலிருந்து எடுத்து, அழுகிய இடத்தைக் கத்தியால் குடைந்து நல்ல சதைவரை போய், ஒரு வாரத்துக்கு மேல் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். கிழங்கில் பாதி போனாலும் அடீனியம் பிழைத்துக்கொள்ளும், அத்தனை தைரியமான செடி. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆப்பிரிக்காவில் அம்புக்கு நஞ்சாகப் பயன்படுத்தியது அதன் பால்.

உருண்டைக் கள்ளியின் அடி பழுப்பாகிக் குழைகிறது

வெட்டும் முறை மேலே சொன்னதேதான். ஆனால் கள்ளியின் வெட்டுவாய் பெரிது, தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். வெட்டும்போது செம்பழுப்பு வளையம் உச்சிவரை போய், விரல்நுனி அளவு மட்டுமே பச்சை மிஞ்சுகிறதென்றால் அதை மண்ணில் வைத்து வேர் விடச்செய்வது கடினம். விலை கொடுத்து வாங்கிய அஸ்ட்ரோபைட்டம் போன்றது என்றால், ஒட்டுக்கட்டத் தெரிந்த நர்சரிக்காரரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். டிராகன் பழக்கொடியின் தண்டில் ஒட்டிக் கொடுப்பார். மறுநாள் என்றால் அந்தத் துண்டும் இருக்காது.

ஒரே வரிசையில் நிற்கும் பல தொட்டிகள் அடுத்தடுத்து அழுகினால், மீதி உள்ளவற்றுக்குக் கார்பென்டாசிமும் மாங்கோசெப்பும் கலந்த பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வேர்ப்பகுதியில் ஒருமுறை ஊற்றலாம். அழுகிவிட்ட செடிக்கு ஊற்றிப் பயனில்லை.

## இலை சுருங்கி, மெலிந்து, வரிவரியாக ஆகிறது

எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் இதைப் பார்த்ததும் கேட்பார், "இம்புட்டு வாடிக் கெடக்கே, ஒரு சொம்பு ஊத்தட்டாப்பா?" என்று. "வேணாம் ஆச்சி, மொதல்ல தூக்கிப் பாருங்க" என்பேன். தாகத்தில் சுருங்கிய செடியும் வேர் அழுகிச் சுருங்கிய செடியும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். தொட்டியைத் தூக்கினால் எடை சொல்லிவிடும்.

தொட்டி லேசாக இருக்கிறது, ஈர்க்குச்சி காய்ந்து வருகிறது

தாகம்தான். அடித்துளை வழியாக வெளியே ஓடும்வரை ஊற்றுங்கள். இரண்டு முதல் நான்கு நாளில் இலை நிமிரும். கோடையில் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுவது நல்லது, உச்சி வெயிலில் ஈரமண் கொதித்து வேரை வேக வைக்கும்.

ஊற்றிய தண்ணீர் உடனே ஓரமாக வழிந்து ஓடிவிட்டதா? நர்சரியிலிருந்து வந்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) உருண்டை அப்படியே உள்ளே இருக்கிறது. கோகோபீட் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. தொட்டியை வாளித் தண்ணீரில் பாதி உயரம் அமுக்கி அரை மணி நேரம் வையுங்கள். அது அன்றைக்கான தீர்வு. வேரைச் சுற்றியுள்ள கோகோபீட்டை உதிர்த்துவிட்டுச் செங்கல் கலவைக்கு மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.

தொட்டி கனமாக இருக்கிறது, மண் ஈரம், ஆனாலும் சுருங்குகிறது

வேர் இல்லை. செடியைப் பிடித்துத் தூக்கினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ, இழுத்தால் அறாத வேர் நல்ல வேர். கருப்பாகி, தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் மிஞ்சுவது செத்த வேர். செத்ததையெல்லாம் கத்தரித்து, இரண்டு மூன்று நாள் உலர்த்தி, புதுக் கலவையில் வைத்து, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்டும் கெட்டிருந்தால் மேலே உள்ள வெட்டும் முறைக்குப் போங்கள்.

மண் காய்ந்திருந்தது, ஊற்றியும் ஒரு வாரமாக நிமிரவில்லை

இதற்கும் வேரைத்தான் பார்க்க வேண்டும். மண் காய்ந்ததில் நுண்வேர் செத்திருக்கலாம், அல்லது வேர் மாவுப்பூச்சி இருக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

## செடி நீண்டுகொண்டே போகிறது, இலைக்கு இலை இடைவெளி விழுகிறது

வெளிச்சம் போதவில்லை, வேறு காரணம் தேட வேண்டாம். வளவு என்றால் வெளிச்சமான இடம் என்று நம் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றத்தில் நேர்வெயில் விழுவது உச்சிநேரத்தில் கொஞ்சம் மட்டும். குரங்குக்குப் பயந்து மேலே கம்பியும் பைபர் ஷீட்டும் போட்டுவிட்ட வீடுகளில் அதுவும் குறைவு. ஷீட்டில் தூசி படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சோதனை எளிது. நண்பகலில் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாக, கூர்மையாக நிழல் விழுந்தால் வெளிச்சம் நன்று. கை இருக்கிறது என்று மட்டும் மங்கலாகத் தெரிந்தால் ஹவோர்தியா, கேஸ்டீரியா, ஸ்நேக் பிளான்ட் இவற்றுக்குப் போதும். நிழலே விழவில்லை என்றால் அந்த இடத்தில் எதையும் வைக்காதீர்கள்.

சரிசெய்வதும் செலவில்லாததிலிருந்துதான். முதலில் ஷீட்டைக் கழுவுங்கள். பிறகு செடியை இடம் மாற்றுங்கள். அடீனியம், கள்ளிகள், யூபோர்பியா, அகேவ், சின்ன இலை ஜேட் எல்லாம் மாடிக்கு ஏற வேண்டியவை. எச்சிவேரியாவுக்குக் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம். நீண்டுவிட்ட தண்டு மறுபடி குறுகாது. தலையை ஒன்றிரண்டு அங்குலத் தண்டோடு வெட்டி, உலர்த்தி நட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சிய மொட்டைத் தண்டையும் வைத்திருங்கள், பக்கத்தில் கன்றுகள் வெடிக்கும். வீட்டுக்குள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால் எல்இடி விளக்குப் போடலாம், ஆனால் இத்தனை வெயில் உள்ள ஊரில் அந்தச் செலவுக்கு என் சம்மதம் இல்லை.

## வெளிறிய திட்டு, பிறகு அது பழுப்பாகக் காய்கிறது

திட்டு வெயில் படும் பக்கம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெயிற்காயம். அந்தத் திட்டு ஆறாது, வடுவாகவே இருக்கும். செடி பிழைத்திருக்கும். திட்டு கல்போல் காய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஈரமாகக் குழைந்தால் மட்டும் வெட்டுங்கள்.

நிழலில் இருந்ததை மாடிக்கு மாற்றிய மறுநாளே வந்திருந்தால் காரணம் தெரிந்ததே. முதல் மூன்று நான்கு நாள் காலை ஒரு மணி நேரம், அடுத்து இரண்டு மணி நேரம் என்று இரண்டு வாரத்தில் பழக்க வேண்டும். கத்திரி வெயில் காலத்தில், அதாவது மே மாதம் பெரும்பகுதி, பழகிய செடிக்கும் 50 சதவீதப் பச்சை நிழல்வலை தேவை.

மாடியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குத் தொட்டியின் பக்கத்தைக் கையால் பிடியுங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே வேர் வெந்துகொண்டிருக்கிறது. கருப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு இது அதிகம். அவற்றை மண்தொட்டிக்குள் இறக்கி வையுங்கள், எல்லாத் தொட்டிகளையும் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல்மேல் வையுங்கள்.

செங்கல்மேல் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய வீடுகளில் மரச்சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கும். தொட்டிக்கடியில் ஈரம் தங்கிக்கொண்டே இருந்தால் அது கசியும். கீழே பட்டாலையின் உத்தரத்தில் ஈரக்கறை தெரிந்தால் அன்றே தொட்டிகளை இறக்கிவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். சிமெண்ட் பூசி மறைக்கச் சொல்லாதீர்கள். கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக வைப்பதும் நல்லது.

## வெள்ளையாக ஏதோ இருக்கிறது

எல்லா வெள்ளையும் பூச்சியல்ல. எங்கே, எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

இலை முழுக்க மெல்லிய மாவு, விரல் பட்டால் ரேகை விழுகிறது. எச்சிவேரியா, பேச்சிபைட்டத்தின் இயல்பான பூச்சு அது. வெயிலிலிருந்து செடியைக் காப்பது அதுதான், தொடாதீர்கள். வேப்பெண்ணெய் தெளித்தால் அது போய்விடும்.

இலைக்கக்கத்தில், முள்ளடியில் பஞ்சுப் பொதி. மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒற்றினால் வெள்ளை கரைந்து, உள்ளே இளஞ்சிவப்பாக நசுங்குவது தெரியும். எண்ணிக்கை குறைவென்றால் பஞ்சும் ஸ்பிரிட்டும் போதும். சாயங்காலம் செய்யுங்கள், முதலில் ஓர் இலையில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். முட்டை பொரிந்து வருவதால் வாரம் ஒருமுறை, நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்புத்தண்ணீர், வெயில் சாய்ந்த பிறகு தெளிப்பு. எறும்பு ஊர்கிறதா என்றும் பாருங்கள். எறும்பு இருக்கும்வரை மாவுப்பூச்சி போகாது, ஏனெனில் அதைக் காவல் காப்பதே எறும்புதான். தொட்டி மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

தொட்டியைக் கவிழ்த்தால் வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெள்ளைத்தூள். சேகரிப்பவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டியது இந்த வேர் மாவுப்பூச்சிக்குத்தான். மேலே ஒன்றுமே தெரியாது, செடி மட்டும் மாதக்கணக்கில் வளராமல் நிற்கும். விரலில் எடுத்து நசுக்குங்கள். கரகரவென்று இருந்தால் பெர்லைட், மெழுகாக நசுங்கினால் பூச்சி. மண் முழுவதையும் உதறி மூட்டை கட்டிக் குப்பையில் போடுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள். வேரைக் குழாயடியில் டூத் பிரஷ்ஷால் கழுவி, மோசமானதைக் கத்தரித்து, சில நாள் உலர்த்தி, புது மண்ணில் வையுங்கள். மண்தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். பக்கத்துத் தொட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்தே ஆக வேண்டும், துளை வழியாக ஊர்ந்து போகும். திரும்பத் திரும்ப வந்தால் இமிடாகுளோப்ரிட் உள்ள மருந்து கேட்கும், அதை டப்பாவில் போட்டுள்ள அளவைத் தாண்டாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். பூவிட்ட அடீனியத்துக்கு ஊற்ற வேண்டாம், தேனீக்கு ஆகாது.

தொட்டி விளிம்பிலும் மண்ணின்மேலும் கெட்டியான வெள்ளை ஏடு. பூச்சியல்ல, உப்பு. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## வளர்ச்சி நின்றுவிட்டது, புதுத்துளிர் மஞ்சளாக வருகிறது

முதல் சந்தேகம் தண்ணீர்மேல். போர்வெல் தண்ணீரின் உப்பை டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். தண்ணீர் பில்டர் மாட்ட வருபவரிடம் மீட்டர் இருக்கும், கேட்டால் பார்த்துச் சொல்வார். 300க்குள் இருந்தால் கவலையில்லை. 1000ஐ நெருங்கும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க வேண்டாம் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல், சக்குலன்ட்டுக்கு வேண்டவே வேண்டாம். உப்புப் போட்டு இயக்கும் சாஃப்ட்னர் தண்ணீரும் ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஊற்றலாம்.

மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. ஓட்டிலிருந்து வளவில் விழும் தண்ணீரை அண்டாவில் பிடிப்பது இந்த வீடுகளின் பழைய வழக்கம்தானே, செடிக்காகவும் ஓர் அண்டா வையுங்கள். முதல் மழை ஓட்டைக் கழுவட்டும், அடுத்ததைப் பிடித்து மூடிவையுங்கள். உப்பேறிய தொட்டியை வெயில் நாளில் தொட்டியளவைப் போல மூன்று மடங்கு மழைநீர் ஊற்றி அலசினால் பெரும்பகுதி போய்விடும்.

தண்ணீர் நல்லது, ஆனாலும் மஞ்சள் என்றால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இடித்த பழைய வீட்டுச் செங்கல்லை உடைத்துக் கலவை போட்டவர்களுக்கு இது கட்டாயச் சோதனை. அந்தச் செங்கல்லில் சுண்ணாம்புக்காரை ஒட்டிக்கொண்டே இருக்கும், சில்லாக உடைத்தபின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பிடி சில்லைக் கிண்ணத்தில் போட்டு, வினிகரை ஊற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். நல்ல சில்லிலும் கொஞ்சம் காற்றுக் குமிழி வரும், ஆனால் சத்தம் இருக்காது. காரை இருந்தால் சுர்ரென்று பொங்கி, வெள்ளை நுரை கட்டும். பொங்கினால் அந்தக் கலவையை மாற்றுங்கள், புதுச் செங்கல் உடைத்துப் போடுங்கள்.

இத்தனையும் பார்த்தபின்னும் பல தொட்டிகளில் மஞ்சள் தொடர்ந்தால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுப்பதே வழி. நம் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையம் குன்றக்குடியில் இருக்கிறது. வாடிய செடி ஒன்றைத் தொட்டியோடும், போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், இதுவரை ஊற்றியது எல்லாவற்றின் பட்டியலையும் கொண்டுபோங்கள்.

## கள்ளியின் தோல் துருப்பிடித்தது போலப் பழுப்பாகிறது

அடியிலிருந்து மேலே ஏறினால், கெட்டியாக இருந்தால், முதுமை. விட்டுவிடுங்கள். உச்சியிலிருந்து கீழே இறங்கினால் செஞ்சிலந்திப் பேன். வெள்ளைத்தாளுக்கு மேல் செடியைத் தட்டினால் புள்ளிகள் ஊர்வது தெரியும். வேகமான தண்ணீர்ப் பீச்சும் வேப்பெண்ணெயும் ஆரம்பத்தில் போதும். முற்றினால் நனையும் கந்தகத்தூள், ஆனால் அதை வெயில் காலத்தில் தெளித்தால் தோல் கருகிவிடும், மழைக்குப் பிந்தைய குளிர்ந்த நாள்களுக்கு மட்டும்.

## கடித்த தடம்

பங்குனி, சித்திரையில் வேறு ஈரம் கிடைக்காத அணில் சதைப்பற்றான இலையைக் கடிக்கும். மயில் கொத்தும். இரவில் நடந்தால் எலி. கம்பிவலை ஒன்றே தீர்வு. பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் அணில் தொல்லை வெகுவாகக் குறையும். காயம் காயட்டும், மருந்து வேண்டாம்.

## தபாலில் வந்த செடி வாரத்திலேயே சோர்கிறது

சேகரிப்பவர்கள் விரும்பும் அரிய கள்ளிகள் பல கலிம்போங் நர்சரிகளிலிருந்து மண் உதறி, காகிதத்தில் சுற்றி வருகின்றன. மலைக்குளிரில் வளர்ந்தது நம் வெக்கையில் இறங்கும்போது திகைப்பது இயல்பு. வந்த அன்றே நட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் நிழலில் கிடக்கட்டும், வேரில் பூச்சி பாருங்கள், உலர்ந்த கலவையில் நடுங்கள், ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். ஒரு மாதமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி இரண்டாங்கட்டில் வையுங்கள். வாங்க நல்ல காலம் தை, மாசி. ஏயோனியம், செம்பர்விவம் இரண்டையும் இந்த ஊருக்கு வாங்காதீர்கள், எப்படிப் பார்த்தாலும் கோடையைத் தாண்டாது. அரிய செடியில் கன்று பிரிந்தால் ஒன்றை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுத்துவையுங்கள். உங்கள் தொட்டி அழுகினாலும் வகை தப்பிக்கும்.

சிவப்பு, மஞ்சள் தலை ஒட்டிய கள்ளி வெளிறினால் அடித்தண்டைப் பாருங்கள். அது டிராகன் பழ வகை, மற்றக் கள்ளிகளைவிடக் கொஞ்சம் கூடுதல் தண்ணீரும் அரைநிழலும் கேட்கும். அடித்தண்டு அழுகினால் மேல்தலை தனியாக வாழாது, அதில் பச்சையம் இல்லை. மறுஒட்டுத்தான்.

## சரிசெய்ய வேண்டாதவை

மார்கழியில் அடீனியம் இலை கொட்டுவது, எச்சிவேரியாவின் அடியிலை ஒன்றிரண்டு சருகாவது, கோடையில் எச்சிவேரியா வளராமல் நிற்பது எல்லாம் இயல்பு. லித்தாப்ஸின் பழைய இலை சுருங்கி நடுவில் புதுஜோடி வரும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. அகேவ் பூத்தண்டு விட்டால் அந்தச் செடி முடிந்தது, அடியில் உள்ள கன்றுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

## பால் தெறித்துவிட்டது

திருகுகள்ளி, சதுரக்கள்ளி, முள்கிரீடம் என்று யூபோர்பியா எதை வெட்டினாலும் பால் பீறிடும். கண்ணாடி அணிந்துகொண்டு வெட்டுங்கள், வெட்டுவாயில் தண்ணீர் விட்டால் பால் நிற்கும். தோலில் பட்டால் சோப்பு. கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, எரிச்சல் குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், எந்தச் செடி என்பதையும் சொல்லுங்கள். கண்ணின் முன்பக்கம் உள்ள கார்னியா எனும் படலத்தைப் புண்ணாக்கும் பால் அது, தாமதித்தால் பார்வைக்கே கேடு. குழந்தையோ நாயோ அடீனியத்தைக் கடித்துவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். வெட்டிய ரணகள்ளி, கலஞ்சோ கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள், அவற்றுக்கு நஞ்சு. தெரியாமல் தின்றுவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, தின்ற கிளையைக் கையில் காட்டுங்கள்.